டிஸ்கஸ் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய தொட்டிப் படம் கிடைத்தது. நாலடித் தொட்டி, தரை முழுக்கப் பச்சை, நடுவில் பத்து டிஸ்கஸ் குஞ்சுகள், சுற்றிலும் நியோன் டெட்ரா கூட்டம், கண்ணாடியில் பாசி தின்ன ஒரு பண்டாராயா மீன். எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு டெஸ்ட் கிட்டும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கு. மீனைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

டிஸ்கஸ் அமேசான் படுகையின் மீன். ரியோ நெக்ரோ ஆற்றுப் பக்கத்தில் யோஹான் நாட்டரர் சேகரித்தவற்றைப் பார்த்து, வியன்னாவில் இருந்த யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840இல் அதற்குப் பெயர் வைத்தார். அந்த மீன் எங்கே ஒதுங்குகிறது என்பதுதான் உனக்கு முக்கியம். கரையோரம் தண்ணீரில் சாய்ந்து விழுந்த மரங்களின் கிளைகளுக்குள்ளும், மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் ஏறும்போது மூழ்கிய வேர்களுக்கு நடுவிலும் அது கூட்டமாக நிற்கும். தட்டையான உடம்பு அந்தச் சந்துகளில் நுழைவதற்கு ஏற்றது. அங்கே நீ வரைந்தது போன்ற பச்சைக் கம்பளம் கிடையாது. ஆகவே உன் தொட்டியில் முதல் இடம் வேர்க்கட்டைக்கு. பெரிய கட்டைகள் இரண்டை மேலிருந்து கீழே இறங்குவது போல வைத்து, முன்பக்கம் நீந்துவதற்கு வெறும் மணலை விட்டுவிடு. செடி அந்தக் கட்டைகளைச் சுற்றி வரட்டும்.

இதைப் புரிந்துகொள்ள நீ அமேசானுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கோத்தா திங்கியிலேயே பந்தி காட்டுப் பக்கமும், செடிலி ஆற்றுச் சதுப்பிலும் கறுப்புத் தேநீர் நிறத்தில் ஓடைகள் இருக்கின்றன. விழுந்த இலைகள் ஊறி ஊறித் தண்ணீர் அமிலத்தன்மை அடைந்து, உப்புச்சத்து மிகக் குறைவாக இருக்கும் ஓடைகள் அவை. பரோஸ்பிரோமெனஸ் ஆல்ஃப்ரெடி என்ற விரல் நீளம்கூட இல்லாத மீன், ஜொகூரின் இந்தக் கறுப்பு நீருக்கே உரியது. 2005இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அப்பாவோடு ஒருநாள் போய் அந்தத் தண்ணீரைப் பார். நிழல் எவ்வளவு, கிளைகள் எப்படிக் கிடக்கின்றன, செடி எந்த மூலையில் முளைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வா. எதையும் பிடுங்கி வராதே. அந்தச் சதுப்பு ஏற்கெனவே சுருங்கிக்கொண்டே போகிறது.

அடுத்தது சூடு. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று கடைக்காரரே சொல்லக்கூடும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் டிசம்பர் இரவில், அல்லது ஏர்கோன் ஓடும் அறையில், தண்ணீர் 25க்குக் கீழே போய்விடும். மீன் கறுத்து மூலையில் ஒதுங்கும், தின்னாது, பிறகு நோய் வரும். ஹீட்டர் கட்டாயம். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5தான். அதனால் ஃபில்டரின் வாய் தண்ணீரின் மேற்பரப்பை எப்போதும் அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

இந்தச் சூட்டை வைத்துத்தான் மற்ற மீன்களையும் செடிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நியோன் டெட்ரா குளிர்ந்த தண்ணீர் கேட்கும், அதை விட்டுவிடு. அதற்குப் பதில் கார்டினல் டெட்ரா வாங்கு. அதுவும் ரியோ நெக்ரோ மீன்தான், டிஸ்கஸுக்குப் பழகிய சூடு அதற்கும் பழக்கம். வளர்ந்த கார்டினலாகப் பார்த்து வாங்கு, பொடியாக இருந்தால் டிஸ்கஸ் விழுங்கிவிடும். அடியில் மேய ஸ்டெர்பாய் கொரிடோராஸ் ஆறு போதும். 28இலேயே நிறுத்தி வைப்பாய் என்றால் ஹார்லிக்குவின் ரஸ்போராவும் சேரும். அது நம் தீபகற்பத்து ஓடை மீன், உன் தொட்டியில் ஊர்க்காரர் ஒருவர் இருக்கட்டுமே என்று எனக்கு ஆசை. ஏஞ்சல் மீன் வேண்டாம். தீனியில் டிஸ்கஸை முந்தும், தனக்கு ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணியை டிஸ்கஸுக்குத் தந்துவிடும்.

பண்டாராயா மீன் வேண்டவே வேண்டாம். இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்புப் பூச்சை உறிஞ்சும். ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் வைக்க இடமில்லாமல் ஆற்றில் விடுகிறார்கள். இன்று நம் நாட்டு ஆறுகள் பலவற்றில் அது பெருகிப் போனதற்கு இதுதான் காரணம். உன் தொட்டியிலிருந்து எந்த மீனும், எந்தச் செடித் துண்டும் ஜொகூர் ஆற்றுக்குப் போகக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செடியில் சூடு தாங்குவது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் வாள் செடி. முதல் இரண்டின் கிழங்குத் தண்டை மணலில் புதைக்காதே, அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டு. இலங்கையிலிருந்து உலகத் தொட்டிகளுக்கெல்லாம் போன கிரிப்டோகொரைன் வெண்டியை நிழலில் நடு. நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து போனாலும் பயப்படாதே, வேரிலிருந்து மறுபடி வரும். விளக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம்.

இப்போது தண்ணீர். உங்கள் குழாய் நீர் ஆற்று நீர். இயல்பில் மென்மையானது, சுத்திகரிக்கும்போது சுண்ணாம்பு சேர்ப்பதால் பிஎச் சற்று ஏறியிருக்கும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் 6.5க்கும் 7க்கும் இடையில் சுகமாக இருக்கும். காய்ந்த கேதாப்பாங் இலை சிலவற்றைப் போட்டால் நிறமும் வரும், பிஎச்சும் கொஞ்சம் இறங்கும். பிஎச்சைப் பிடித்து இழுக்கும் மருந்து எதையும் ஊற்றாதே.

பயப்பட வேண்டியது அமோனியாவுக்கு. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றிலேயே அமோனியா கூடிப்போய், அங்கே நீர் எடுக்கும் சிங்கப்பூரின் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த வேண்டி வந்தது. தொட்டியில் மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியா ஆகும். பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். அந்தப் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சூடும் பிஎச்சும் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால், டிஸ்கஸ் தொட்டியில் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வழியில்லை. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டும்வரை மீன் வேண்டாம். குழாய் நீரின் குளோரின் ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடும். அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆனது அப்படிப் போகாது. எனவே தொட்டிக்குத் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் ஆண்டி குளோரின் சேர்த்துவிடு.

உன் படத்தில் நான் பெரிதாக மாற்றச் சொல்வது அந்தப் பத்துக் குஞ்சுகளைத்தான். இரண்டு அங்குலக் குஞ்சு வளர ஒரு நாளைக்கு நாலைந்து வேளை தீனியும், அடிக்கடி தண்ணீர் மாற்றமும் வேண்டும். பினாங்குப் பண்ணைகளில் மணலோ செடியோ இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டியில் டிஸ்கஸ் வளர்ப்பது இதற்காகத்தான். மண்ணும் செடியும் உள்ள தொட்டியில் அவ்வளவு தீனி போட்டால் தண்ணீர் கெடும், குறைத்துப் போட்டால் மீன் குட்டையாகவே நின்றுவிடும். பணம் சேரும்வரை பொறுத்து, நாலைந்து அங்குலத்துக்கு வளர்ந்த ஆறு மீனை ஒரே பண்ணையிலிருந்து வாங்கு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 340 லிட்டர். கட்டையும் மணலும் போனால் இன்னும் குறைவு. ஆறுக்கு மேல் இடமில்லை. ஆறுக்குக் குறைந்தால் பலசாலி மீன் இளைத்ததை விரட்டிக்கொண்டே இருக்கும்.

தீனிக்கு மாட்டு இருதயம் என்று எல்லாரும் சொல்வார்கள். உன் பாட்டி அதை ஐஸ்பெட்டிக்குள் விடமாட்டார், விட வேண்டிய அவசியமும் இல்லை. கொழுப்பு மிதந்து தண்ணீரைக் கெடுக்கும் தீனி அது. வளர்ந்த மீனுக்கு நல்ல குருணைத் தீனியும், உறைந்த ரத்தப்புழுவும், பொடியாக நறுக்கிய இறாலும் போதும். இரண்டு வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்று.

ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் கொரிடோராஸ் தின்றுவிடும். வருத்தப்படாதே. தாயும் தகப்பனும் தம் தோலில் சுரப்பதைக் குஞ்சுகள் மேய்ந்து வளர்வதை நீ ஒருநாள் பார்க்க வேண்டும், ஆனால் அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

இன்னொன்று. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கியில் வந்த வெள்ளத்தை உன் அம்மாவிடம் கேட்டுப் பார். வெள்ளம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வை. நிரம்பிய தொட்டி நானூறு கிலோவுக்குக் குறையாது, ஆகவே சிமெண்டுத் தரையில் சுவரோரமாக வை.

குழாய் நீரை ஒரு நாள் வாளியில் விட்டு, மறுநாள் காலை பிஎச், கடினத்தன்மை, அமோனியா மூன்றையும் அளந்து அனுப்பு. தொட்டி வைக்கப்போகும் அறையின் சூட்டை விடியற்காலையிலும் மதியத்திலும் குறித்து அனுப்பு. எத்தனை வாட் ஹீட்டர், எந்த ஃபில்டர் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா