டூர் வண்டி எடுக்கும் தம்பிகளுக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புதிதாக டூர் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வண்டி வாங்கலாம் என்றுதான். அதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சீட்டுக்கு இவ்வளவு என்று பேசி, தெருத்தெருவாக ஆள் சேர்த்து, பஸ் நிறைந்ததும் அறுபடை வீடு கிளம்பிய காலம் குறைந்துவிட்டது. கொரோனாவில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரவே ஜனங்கள் பயந்தார்கள். பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "எங்க குடும்பம் மட்டும், தனி வண்டி" என்கிறார்கள். முதல் வண்டி பன்னிரண்டு சீட்டு வேனாக இருக்கட்டும்.

2. பக்கத்து ஊர்களைப் படியுங்கள். 2020 செப்டம்பர் 1 அன்று கோயில்கள் திறந்து, மாவட்டம் தாண்ட இ-பாஸும் வேண்டாம் என்றானபோது, என்னிடம் வந்தவர்கள் ராத்திரி எங்கும் தங்காத பயணமாகத்தான் கேட்டார்கள். கும்பகோணம் வரை போவானேன்? நவக்கிரகத் தலங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லியில் செவ்வாய், கோவூரில் புதன், போரூரில் குரு, மாங்காட்டில் சுக்கிரன், பொழிச்சலூரில் சனி, குன்றத்தூரில் ராகு, கெருகம்பாக்கத்தில் கேது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தள்ளியிருக்கும் சோமங்கலத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அந்த நேரத்துக்குக் குன்றத்தூரில் இருக்கும்படி கணக்குப் போட்டால், வண்டியில் வரும் பாட்டிமார் அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

3. தவணை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிவைத்தார்களே தவிர தள்ளுபடி செய்யவில்லை. வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஓட்டமில்லாமல் வண்டி நின்றாலும் ஆறு மாதத் தவணை கட்டக் கையிருப்பு இருந்தால் மட்டும் கடன் வாங்குங்கள்.

4. டிரைவரைக் கைவிடாதீர்கள். 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியபோது, பத்து வருஷம் மலைப்பாதை ஓட்டிய பிள்ளைகள் அங்கே மூட்டை தூக்கப் போனார்கள். அதைப் பார்த்து மனசு தாங்கவில்லை. பாதிச் சம்பளமாவது கொடுத்து வைத்துக்கொண்டவர்களுக்குத்தான், வேலை திரும்பியபோது நல்ல ஆள் இருந்தார்.

5. அட்வான்ஸ் பணத்தைப் பயணம் முடியும் வரை தொடாதீர்கள். 2021 மே 10 மறுபடி ஊரடங்கு. அதன் பிறகும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடு வரை வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் தரிசனம் இல்லை. நமக்கு ஓட்டம் இருப்பதே அந்த மூன்று நாளில்தான். ரத்தானால் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள்.

6. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடியும் இ-பாஸ் வந்தது. இது நோய்க்காக அல்ல, வண்டி நெரிசலுக்காக. மலைக்கு ஆர்டர் வந்தால் அன்றைய விதியைப் பார்த்து, பாஸை முந்தின நாளே எடுத்து டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள்.