ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் கார் இருக்கிறது. எங்கள் தாத்தா 1986-ஆம் ஆண்டு வாங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பின்பற்றி, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாரா என்னும் ஊரில், 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட வண்டி இது. 1489 சி.சி. அளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இஞ்சின் அதற்கு. இன்றைய கார்களில் உள்ள கணினியோ, எரிபொருள் கணக்கைத் தானே காட்டும் திரையோ அதில் இல்லை. தன் உடல்நிலையைத் தானாகச் சொல்லத் தெரியாத வண்டி அது. நாம்தான் கேட்டறிய வேண்டும்.

அதை எப்படிக் கேட்டறிவது என்பதை நாங்கள் இருவரும், அதாவது பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்தவளும் எட்டாம் வகுப்பில் படிக்கும் இளையவளும், சென்ற ஆண்டு கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழி யார்மீது?

நம் நாட்டில் சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் காருக்கு அந்தத் தவணை 2026-இல் வருகிறது. அதனால் 2025 கோடை விடுமுறையிலேயே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. "பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கிறது. விற்றுவிடலாம்" என்றார் அம்மா. "வண்டிமேல் குற்றமில்லை. பங்க்கில் அளவு குறைத்துப் போடுகிறார்கள்" என்றார் அப்பா. மெக்கானிக் அண்ணன், "இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல்தான் காரணம்" என்றார். தாத்தாவோ அப்பாவைப் பார்த்து, "உன் கால்தான் கனம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நால்வர் நான்கு காரணங்களைச் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. மறுநாள் தாத்தாவின் அலமாரியில் பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகம் எங்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய பெட்ரோலையும் தாத்தா அதில் குறித்திருந்தார். சமவெளிச் சாலைகளில் வண்டி அந்நாளில் லிட்டருக்குச் சராசரியாக 10.5 கிலோமீட்டர் கொடுத்திருக்கிறது. அவர் கண்பார்வை குறைந்து ஓட்டுவதை நிறுத்தியபோது நோட்டும் நின்றுபோயிருந்தது. மீதியிருந்த பக்கங்களில் நாங்கள் எழுதத் தொடங்கினோம்.

அளக்கும் முறை

பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கணக்கிடுவது தவறு. பழைய வண்டியில் முள் பாதியைக் காட்டினால் டாங்கியில் பாதி இருக்கும் என்று நம்ப முடியாது. சரியான முறை, 'நிரப்பி நிரப்புதல்'. புறப்படும் முன் டாங்கியை முழுக்க நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பயணம் முடிந்ததும் மீண்டும் முழுக்க நிரப்ப வேண்டும். நடுவில் ஊற்றியதையும் கடைசியில் ஊற்றியதையும் கூட்டினால் வருவதே வண்டி குடித்த பெட்ரோல். ஓடிய தூரத்தை அதனால் வகுத்தால் விடை கிடைக்கும். இரண்டு முறையும் ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், வண்டியை ஒரே திசையில் நிறுத்தி நிரப்புவது நல்லது. தரை சரிந்திருந்தால் டாங்கி நிறையும் அளவு மாறிவிடும்.

தூரம் காட்டும் மீட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து மணப்பாறை வழியாகத் திருச்சிக்குப் போகும்போது, 'திருச்சி 60' என்ற கல் முதல் 'திருச்சி 10' என்ற கல் வரை நாங்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தோம். கல் கணக்கில் 50 கிலோமீட்டர். மீட்டர் காட்டியதோ 51. டயர் தேய்ந்தால் அதன் சுற்றளவு குறையும். ஆகவே அதே தூரத்திற்கு அது அதிகச் சுற்றுகள் சுற்றும். மீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான் அல்லவா? எனவே மீட்டர் காட்டும் எண்ணை 50-ஆல் பெருக்கி 51-ஆல் வகுக்க முடிவு செய்தோம்.

மே மாதம் வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பினோம். தாத்தா முன் இருக்கையில் அமர்ந்திருந்தபடியால் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மீட்டரில் 510 கிலோமீட்டர். திருத்திய தூரம் 500. ஊற்றிய பெட்ரோல் 62.5 லிட்டர். ஆகவே லிட்டருக்கு 8 கிலோமீட்டர். தாத்தாவின் 10.5 எங்கே, இந்த 8 எங்கே!

குற்றவாளியைத் தேடுதல்

முதலில் பங்க்கை விசாரித்தோம். ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும் என்பதும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும் என்பதும் விதி. அப்பா சற்றுக் கோபமாகவே கேட்டார். அங்கிருந்த அண்ணன் முகம் சுளிக்காமல் பாத்திரத்தை எடுத்து வந்து அளந்து காட்டினார். அளவு சரியாக இருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகு, "வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்" என்றார்.

அடுத்தது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. தாத்தா குறிப்பெழுதிய நாள்களில் இக்கலப்பு இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், மொத்த ஆற்றல் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும். 10.5-இல் 7 விழுக்காட்டைக் கழித்தால் 9.8 வருகிறது. ஆகவே 9.8 வரை இறங்கினால் எத்தனாலைக் குறை சொல்லலாம். அங்கிருந்து 8 வரை இறங்கியதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்! மெக்கானிக் அண்ணன் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது" என்றார்கள். எங்கள் அத்தை வீடு திருச்சியில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. போக வர 200 கிலோமீட்டர். அதையே எங்கள் சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டோம்.

முதல் பயணத்திற்கு முன் டயர்களின் காற்றை மட்டும் சரிபார்த்தோம். நான்கிலும் குறைவாக இருந்தது. கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்பினோம். 24.1 லிட்டர் செலவாயிற்று. லிட்டருக்கு 8.3. நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஆனால் சகோதரி அவர்கள், "டாங்கி நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆகாதா? 24 லிட்டரில் ஒரு லிட்டர் என்பது 4 விழுக்காடு. உங்கள் முன்னேற்றமும் அவ்வளவுதானே?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. 'காற்றால் பலன் இருக்கலாம். உறுதியில்லை' என்றே நோட்டில் எழுதினோம்.

அந்தப் பயணம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோனோம். முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. மெக்கானிக் அண்ணன் ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தார். மற்ற சக்கரம் எளிதாகச் சுழன்றது. இது சுழல மறுத்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் முழுவதும் விலகாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது! உராய்வு, இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். எங்கள் பெட்ரோலில் ஒரு பகுதி சக்கரத்தைச் சூடாக்கவே செலவாகியிருக்கிறது. இறுகியிருந்த பாகத்தை மாற்றிய பின் இரண்டாம் பயணம் போனோம். 22 லிட்டர். லிட்டருக்கு 9.1.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நான்கிலும் கரி படிந்திருந்தது. தேவைக்கு மேல் பெட்ரோல் இஞ்சினுக்குள் போகிறது என்பதன் அடையாளம் அது. காலையில் வண்டி எளிதில் கிளம்புவதற்காகச் சோக்கை இழுப்பார்கள். அந்தக் கம்பி துருப்பிடித்து, குமிழை உள்ளே தள்ளிய பிறகும் முழுமையாகத் திரும்பாமல் இருந்தது. கம்பியை மாற்றினோம், பிளக்குகளைச் சுத்தம் செய்தோம். மூன்றாம் பயணத்தில் 20.6 லிட்டர். லிட்டருக்கு 9.7. எத்தனாலைக் கழித்து நாங்கள் எதிர்பார்த்த 9.8-க்கு வந்து சேர்ந்துவிட்டோம்!

தாத்தாவின் குற்றச்சாட்டு ஒன்று பாக்கி. அப்பா தம் வழக்கப்படி மணிக்கு 80 கிலோமீட்டரில் இரு முறை அதே வழியில் ஓட்டினார். இரு முறையும் லிட்டருக்கு 9 தான் வந்தது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை வெகுவாக ஏறும். "கால் கொஞ்சம் கனம்தான்" என்று அப்பாவே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

மலைப்பாதையில் ஒரு கணக்கு

அக்டோபர் விடுமுறையில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்றோம். அங்கே நாங்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். போகும்போது 96 கிலோமீட்டருக்கு 16 லிட்டர். அதாவது லிட்டருக்கு 6. இறங்கி வரும்போது அதே தூரத்திற்கு 6 லிட்டர். அதாவது லிட்டருக்கு 16. "ஆறும் பதினாறும் இருபத்திரண்டு. பாதி பதினொன்று. சராசரி 11" என்று எழுதிவிட்டோம். தோழியரே, இது சரியா?

சரியன்று. மொத்த தூரம் 192 கிலோமீட்டர். மொத்த பெட்ரோல் 22 லிட்டர். 192-ஐ 22-ஆல் வகுத்தால் 8.7 தான் வரும். மொத்தத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டுமேயன்றி, இரண்டு விடைகளைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. தேர்விலும் இத்தகைய கணக்கு வரலாம், நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்தச் சிலர் கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். அது உயிருக்கே ஆபத்து. கியரில் இருந்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் டிரம் சூடேறிவிட்டால் பிடிப்புக் குறைந்துபோகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது தாத்தாவின் கட்டளை.

புறப்படும் முன்

பழைய காரில் நீண்ட பயணம் போகுமுன் நாங்கள் இப்போது பார்ப்பவை இவை. இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர். (சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.) அளவுக்கோலில் ஆயில். மின்விசிறி பெல்ட்டின் இறுக்கம். டயர்களின் காற்று, பயணத்திற்கான மாற்று டயர் உட்பட. எல்லாவற்றிற்கும் மேலாகப் பெட்ரோல் குழாய்கள். பழைய ரப்பரை எத்தனால் கெடுத்துவிடக்கூடும். வெடிப்போ, கசிவோ, பெட்ரோல் வாடையோ இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. எங்கள் வண்டியின் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டோம்.

முடிவுரை

லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வேளாங்கண்ணிப் பயணத்திற்கு முன்பு 6,250 ரூபாய் ஆயிற்று. இப்போது 5,150 ரூபாய் போதும். இருந்தாலும் புதிய சிறிய கார் இதைவிடக் குறைவாகவே குடிக்கும் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. மோதலில் காக்கும் காற்றுப் பைகளும் இதில் இல்லை என்று அம்மா சொல்வதும் உண்மையே. எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2026-இல் வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. எல்லா இருக்கைகளுக்கும் நல்ல பெல்ட் போடுவது. இரவுப் பயணம் கிடையாது.

நோட்டைத் தாத்தாவிடம் திருப்பிக் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தம் கையெழுத்துக்குக் கீழே உள்ள எங்கள் எழுத்தை மெல்லப் படித்தார். 'உறுதியில்லை' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுதான் நல்ல கணக்கு" என்றார். பிறகு நோட்டை எங்களிடமே கொடுத்துவிட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். பெட்ரோலுக்கு மட்டுமா அது? பழி சொல்வதற்கும்தான். அளந்து பார்க்கும் முன்பு பங்க் அண்ணனையும், வண்டியையும், ஒருவரையொருவரையும் குறை சொன்னோம். அளந்த பிறகு பார்த்தால், ஒரு சக்கரமும் ஒரு துருப்பிடித்த கம்பியும்தான் பெருங்குற்றவாளிகள். தோழியரே, உங்கள் வீட்டிலும் ஏதேனும் வண்டி இருக்குமானால், அது ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, இன்றே ஒரு நோட்டைத் தொடங்குங்கள்!