மொட்டைமாடி வீடு வாங்கப் போகும் மருமகளுக்கு

திருச்சி

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி உன் அத்தையும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பன்னிரண்டாவது மாடி, நாலு படுக்கையறை, அடையாறு கடலில் சேருகிற பக்கம் பார்த்த ஹால், அதை ஒட்டி 1,100 சதுர அடியில் உங்களுக்கென்றே ஒரு மொட்டைமாடி. பார்த்ததும் அத்தை, "எவ்வளவு வடாம் காயப்போடலாம்!" என்றாள். எனக்கு அந்தத் தரைக்குக் கீழே யார் வீடு இருக்கிறது என்ற யோசனைதான் ஓடியது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். தாளில் இருந்தால் மாப்பிள்ளையும் படிப்பார் என்றுதான் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. உன் அம்மா எத்தனை வாடகை வீடுகளில் மாடிச் சாவிக்காக வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றிருக்கிறாள் தெரியுமா? இப்போது முழங்கால் அவளைப் படியேற விடுவதில்லை. ஹாலிலிருந்து கதவைத் திறந்தால் ஆகாயம், சாயங்காலம் கடல்காற்று. அதை அவளுக்குக் கொடுக்க உன்னால் முடிகிறது என்றால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. ஆனால் நாற்பது வருஷம் கட்டடத்தில் நின்றவன் என்பதால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சைட் இன்ஜினீயராக இருந்த ஒரு கட்டடத்தில், மேல்மாடி வாங்கியவர் மொட்டைமாடியில் புல்தரை வேண்டும் என்றார். தளம் அதற்கென்று டிசைன் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். லாரியில் செம்மண் வந்து இறங்கியது. மூன்றாவது மழைக்காலத்தில் கீழ்வீட்டுப் படுக்கையறையின் சீலிங் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. கட்டிலில் படுத்திருந்த பெரியவர் காபி குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். அந்தக் கட்டிலின் மேல் கிடந்த காரைக்கட்டிகளை நானே கையால் அள்ளினேன். இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

நீ அனுப்பிய படத்தில் ஓரமாகப் பச்சைப்பசேலென்று தோட்டமும் நடுவில் ஒரு சின்னக் குளிக்கும் தொட்டியும் இருக்கிறதே, அதனால்தான் இந்தக் கதை. மனிதர்கள் நடமாடுகிற மொட்டைமாடிக்கு நம் நாட்டு ஐ.எஸ். 875 விதிப்படி கணக்கில் எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. சதுர அடிக்குச் சொன்னால் 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைக் கொட்டி நனைத்தால் சதுர அடிக்கு 50 கிலோ வரும். ஒரு அடி தண்ணீரே 28 கிலோ. தோட்டமும் தொட்டியும் தளத்தின் டிசைனிலேயே சேர்ந்திருக்கிறதா, எந்த இடத்துக்கு எவ்வளவு பாரம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டு வாங்கு. விற்பனைப் பிரிவில் இருக்கும் தம்பி "ஒன்றும் ஆகாது மேடம்" என்று சொல்வது கணக்கில் வராது. தாள் இல்லை என்றால் இலேசான தொட்டிகளில் நாலு மல்லிச்செடி போதும்.

அடுத்து தண்ணீர். அந்தக் காலத்தில் நாங்கள் தளம் போட்டதை நீ பார்த்ததில்லை. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நாலு அங்குலத்துக்குப் பரப்புவோம். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்கும்போது வருகிற புளித்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கட்டை துள்ளித் திரும்புகிற அளவுக்கு இறுகிய பிறகுதான் மேலே தட்டோடு பதிப்போம். இன்றைக்கு அதற்குப் பதிலாகக் கெமிக்கல் பூச்சு, மேலே கூலிங் டைல்ஸ். அதையும் ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் எந்தத் தளமானாலும் வாட்டம் சரியாக இல்லாவிட்டால் தோற்றுப்போகும். பத்தடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும்.

உன் மாடியில் ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் சேரும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படியொரு மழைக்கு உன் மாடியில் மட்டும் ஐம்பதாயிரம் லிட்டர். அத்தனையும் எந்த வழியாக இறங்கும்? படத்தில் எனக்கு ஒரே ஒரு வடிகுழாய் வாய்தான் தெரிந்தது. நாலு அங்குலக் குழாய் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒன்றைப் பிளாஸ்டிக் பையோ காய்ந்த இலையோ அடைத்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். அந்தக் குழாய்கள் மழைநீர்க் கிணற்றுக்குப் போகின்றனவா என்றும் பார். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயம்.

ஹாலுக்கும் மாடிக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டம். பார்வைக்கு அழகுதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது அந்த இடத்தில்தான் தண்ணீர் உள்ளே வரும். வெளித்தரையைத் தாழ்த்திக் கொடுக்க முடியுமா, கதவோரமாக ஜல்லடை போட்ட வாய்க்கால் வைக்க முடியுமா என்று கேள். அம்மாவுக்குப் படி இடறக்கூடாது, மழையும் உள்ளே வரக்கூடாது. இரண்டையும் பார்த்துச் செய்கிறவன்தான் நல்ல கட்டடக்காரன்.

உன் சின்னவனை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. கைப்பிடிச் சுவர் நாலடி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலடி எங்கிருந்து? மரப்பலகைத் தளமும் செயற்கைப் புல்லும் விரித்த பிறகு தரை அரை அடி உயர்ந்துவிடும். சுவரை ஒட்டிக் கட்டிய பெஞ்சில் அவன் ஏறி நின்றால் சுவர் அவன் இடுப்புக்கு வரும். சுவரோரம் பெஞ்சும் வேண்டாம், பூந்தொட்டி வரிசையும் வேண்டாம். எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவா. இதில் மாப்பிள்ளை சமாதானம் சொன்னாலும் நீ கேட்காதே.

பத்திர விஷயம். மாடிக்கும் சதுர அடிக்குப் பாதி விலை போட்டிருப்பதாகச் சொன்னாய். 2016-ஆம் வருஷத்து ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) கணக்கில் தனி உபயோக மொட்டைமாடியைச் சேர்க்கவில்லை. ஆகவே வீட்டுப் பரப்பு வேறு, மாடிப் பரப்பு வேறு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதச் சொல். அதே சட்டம் பொது இடங்களைச் சொல்லும்போது மொட்டைமாடியையும் சொல்கிறது. அதனால் உங்கள் மாடி எந்தக் கணக்கில் வருகிறது என்பதை அப்ரூவல் ஆன வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் அது உங்கள் ஃபிளாட்டோடு சேர்த்துக் காட்டப்பட்டிருந்தால் சரி. பொது என்று காட்டியிருந்தால், பில்டர் எதை எழுதிக் கொடுத்தாலும் நாளைக்கு மற்ற குடும்பத்தார் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். தண்ணீர்த் தொட்டிக்கோ லிஃப்ட் மெஷின் அறைக்கோ உங்கள் மாடி வழியாகத்தான் போக வேண்டுமா, தீ பிடித்தால் மற்றவர்கள் ஓடிவந்து நிற்கிற இடம் அதுதானா என்றும் பார்த்துக்கொள். அப்படியானால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். எந்த நேரத்திலும் மற்றவர்களுக்குத் திறந்திருக்க வேண்டிய வழியை உன் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு நீ நிம்மதியாகத் தூங்க மாட்டாய்.

ஒப்பந்தம் பதிவாவதற்கு முன்னால் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அவசரப்படுத்தினால் நினைவில் வை. சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுத்தில் கொடுத்தால் முப்பது நாளில் அவர்கள் செலவிலேயே சரி செய்ய வேண்டும். முதல் மழையில் ஓதம் தெரிந்தால் தேதியோடு படமெடுத்து அன்றைக்கே கடிதம் கொடு. ஆனால் நீயாகத் தளத்தில் ஓட்டை போட்டுப் பந்தல் கால் நட்டிருந்தால், "நீங்கள் துளைத்ததால்தான் ஒழுகுகிறது" என்று உன் தலையில் கட்டிவிடுவார்கள். வெயிலுக்கு ஷீட் கூரை போடலாமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். அனுமதியில்லாமல் போட்டால் விதிமீறல். 2016-இல் வர்தா புயலன்று சென்னையில் மரங்களே வேரோடு சாய்ந்தன, பன்னிரண்டாவது மாடியில் ஒரு தகரம் என்ன பாடு படும்? சித்திரை வைகாசியில் சாயங்காலம் ஐந்து மணி வரை அங்கே கால் வைக்க முடியாதுதான். அதற்கு மேல் உட்காருங்கள்.

நீ கீழ்வீட்டுக்காரர்களை இன்னும் பார்க்கவில்லை என்றாய். முன்பணம் கொடுக்கும் முன்னால் யார் அந்த வீட்டை வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. உங்கள் தரைதான் அவர்கள் தலைக்கு மேலே கூரை. மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்கிற அன்றைக்கு அவர்களும் தங்கள் சீலிங்கைப் பார்க்கட்டும். வடிகால் வாய்களை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பில்டரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதே. நல்ல பில்டராக இருந்தால் அவரே செய்து காட்டுவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ராக்ஃபோர்ட் ரயிலில் வந்து இறங்குகிறேன். வாட்டம் பார்க்க இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும், சைட்டில் சொல்லி வை. ரசமட்டம் என்னுடையதையே கொண்டு வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கதவு மட்டத்தை அவள் நடந்து பார்த்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
மாமா