சவலைப் பிள்ளை

தமிழில் ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. யாப்பிலக்கணம் பயில்வோர் அதனைச் சவலை வெண்பா என்னும் தொடரில் அறிவர். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் நிற்கவேண்டிய தனிச்சொல் இல்லாதொழியின், அப்பா சவலை எனப்படும். ஏனைய சீர்கள் யாவும் செவ்வனே அமைந்திருப்பினும், அவ்வொன்று குறைந்தமையால் பா மெலிகின்றது. மக்கள் வழக்கிலோ, அடுத்த கரு உண்டானமையால் தாய்ப்பால் மறுக்கப்பட்டு மெலிந்த குழந்தையே சவலைப் பிள்ளை. இலக்கணச் சவலையைத் தேர்வுக்காகக் கற்கின்ற நாம், இல்லத்துச் சவலையையும் சிறிது கற்றல் நன்றன்றோ?

யான் அதனைக் கண்ணாரக் கண்டவன். எனக்கு எட்டு வயது நிகழ்ந்தபோது என் தங்கைக்கு ஒன்றரை வயது. தாயார் மீண்டும் கருவுற்றமையால் அவளுக்குப் பால் நிறுத்தப்பட்டது. குழைந்த சோறும் தெளிந்த பருப்புத் தண்ணீருமே அவளுக்கு உணவாயின. சில திங்களில் கைகால் மெலிந்தன, வயிறு முன்தள்ளிற்று, விளையாட்டை மறந்து சுவரோரம் சாய்ந்திருப்பாள். “பிள்ளைக்குச் சவலை பாய்ந்துவிட்டது” என்றனர் அண்டை வீட்டார். அந்நாளில் எங்கள் இல்லத்தில் நாள்தோறும் ஒரு முட்டை அவிப்பதுண்டு. பள்ளி செல்லும் ஆண்பிள்ளை என்று அதனை எனக்கே தருவர். யானும் உண்டு எழுவேன். அன்று அது தவறென ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டிலும் (இந்நாளைய கானா) இத்தகைய குழந்தைகள் இருந்தனர். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியையே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கால் வீங்குதலையும், தோல் உரிதலையும் கண்டு 1933-ஆம் ஆண்டில் எழுதினார். 1935-இல் அந்நோய்க்கு அந்நாட்டுக் கா மொழிப் பெயராகிய ‘குவாஷியோர்க்கர்’ என்பதனையே உலகறியச் செய்தார். அடுத்த குழந்தை பிறக்கத் தன் இடத்தை இழந்த முதற்குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஈரிடத்துத் தாய்மாரும் ஒரே துயரத்தைக் கண்டு பெயரிட்டமை வியப்பன்று.

இனி, அக்குழந்தைகள் இழந்தது யாது? முதன்மையாகப் புரதம். 1838-இல் முல்டர் என்னும் டச்சு நாட்டு இரசாயன அறிஞர், முதன்மையானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் ‘புரோட்டீன்’ எனப் பெயர் வழங்கினார். தசை, குருதி, தோல், முடி ஆகிய யாவற்றிற்கும் புரதமே கட்டுப்பொருள். அஃது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவே தரல் வேண்டும். ஒன்று குறையினும் ஏனையவை முழுப்பயன் தாரா. தனிச்சொல் இழந்த வெண்பாவை ஈண்டு நினைவுகூர்க.

அரிசி முதலிய தானியங்களில் லைசின் என்னும் கூறு குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெதியோனின் தானியத்தில் உண்டு. ஆதலின் மூன்று பங்கு தானியத்துடன் ஒரு பங்கு பருப்புச் சேரின் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். நம் இட்டிலியும் பொங்கலும் இவ்வுண்மைக்குச் சான்று.

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிராம் புரதமும், ஏழு முதல் ஒன்பது வயதிற்கு 23 கிராமும் வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக அளவுகள் கூறும். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம். இருநூறு மில்லி பாலில் 6 கிராம். முப்பது கிராம் துவரம்பருப்பிலும் 6 கிராமுக்குக் குறையாது. இவை எட்டாத அளவுகள் அல்ல.

ஆயினும் புரதம் ஒன்றே போதும் என்று எண்ணுதல் பிழை. சேலத்திற் பிறந்து ஐதராபாத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்திய மருத்துவர் கோபாலன், நம் நாட்டு ஏழைக் குழந்தைகள் பலருக்கு உணவின் அளவே போதவில்லை என்று காட்டினார். அடுப்புக்கு விறகு இல்லாதவன் வீட்டு உத்தரத்தை வெட்டி எரிப்பதுபோல, வெப்பசக்தி குறையின் உடல் புரதத்தையே எரித்துவிடும். குவாஷியோர்க்கர் நோய்க்கும் புரதக் குறைவு ஒன்றே காரணம் அன்று என்பது இற்றை அறிஞர் கருத்து. வீக்கம் கண்ட குழந்தைக்கு வீட்டில் திடீரெனப் புரதம் மிகுந்த உணவைத் திணித்தலும் தீங்கு. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

பருப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பு வெந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் புரதம் மிகச் சிறிதே; சத்து அடியில் தங்கிய பருப்பிலேயே உள்ளது. அந்நீரைக் குழந்தைக்கு ஊட்டி, அடிப்பருப்பைப் பெரியோர் உண்ணுதல் அறியாமையால் நேரும் அநீதி. குழந்தையின் வயிறு சிறிது; நீர்த்த கஞ்சி அதனை நிரப்புமேயன்றி வளர்க்காது. ஆறு திங்கள் நிறைந்தபின் தாய்ப்பாலோடு, மசித்த பருப்பும் சோறும் கெட்டியாகப் பிசைந்து, சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்து, நாளில் பல வேளை ஊட்டுதலே முறை. தாய்ப்பால் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தொடரலாம்.

விலையுயர்ந்த டப்பா மாவும் வேண்டுவதில்லை. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16, நிலக்கடலை 10, வெல்லம் 20 என்னும் அளவில் இடித்துக் கலந்த மாவு ஏறத்தாழ 330 கலோரியும் 11 கிராம் புரதமும் தரும். ஐதராபாத் கலவை என வழங்கும் இதன் பொருள்கள் எச்சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்.

தமிழகத்தில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், அதிற் பின்னர்ச் சேர்ந்த முட்டையும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருந்துணை. எனினும் சவலை பாய்வது பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதிற்கு முன்னரே. அவ்வயதிற்குக் காவல் வீட்டு அடுக்களையே.

என் தங்கை பிழைத்தாள். ஊர்ச் செவிலியம்மையார் ஒருவர் கூறியவாறு, பாட்டி அடிப்பருப்பை மசித்தும், நிலக்கடலையை இடித்தும், முட்டையை இரண்டாக அரிந்தும் ஊட்டினார். அரை முட்டையோடு நின்றமையால் யான் மெலிந்துவிடவில்லை. இன்று அவள் உயர்நிலைப்பள்ளியிற் பயில்கின்றாள்.

மாணவத் தோழர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது அடுக்களையில் ஒருகால் நின்று பாருங்கள்: பருப்பின் அடி எவர் இலைக்குச் செல்கின்றது? முட்டை எவர் கைக்குச் செல்கின்றது? கற்றவர் இதனைக் கேளாராயின் வேறு எவர் கேட்பர்?