கணினி தேர்ந்தெடுக்கும், லேப் தீர்ப்பு சொல்லும்

வளையமாதேவி வயலை 2023 ஜூலையில் டிவியில் பார்த்திருப்பீங்க. நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காக, பரவனாற்றின் மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியது. நம்ம ஹாஸ்டல் ஃபேன் சுத்துற கரண்ட்டில் நெய்வேலிக்கும் பங்கு உண்டு. அதுக்காக யாரோ ஒருத்தர் நிலத்தை இழந்திருக்கார்.

நிலக்கரி குறையணும்னா சோலாரும் மின்வாகனமும் பெருகணும். அதுக்குப் புதுப் பொருட்கள் வேணும். உதாரணமா, மின்வாகன இன்வர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர். அதிலுள்ள பாலிப்ரொப்பிலீன் படலம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே திணற ஆரம்பிக்கும், தனியா குளிர்விக்கணும். சூடு தாங்கும் வேறு பாலிமர் எது? வாய்ப்புகள் கோடிக்கணக்கில். ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது.

இந்தத் தேடலில் இருப்பவர் ராம்பி ராம்பிரசாத். ஐஐடி மெட்ராஸில் மெட்டலர்ஜி படித்தவர். அமெரிக்காவில் பிஎச்டி, பிறகு மோட்டோரோலாவில் வேலை, இப்போது ஜார்ஜியா டெக்கில் பேராசிரியர். இந்தத் துறையின் வழி நாலு படி:

1. சில பாலிமர்களின் பண்புகளை டிஎஃப்டி என்ற குவாண்டம் முறையில் கணக்கிடணும். இந்த முறைக்காக வால்டர் கோன் 1998-இல் நோபல் பெற்றார்.
2. அந்த விடைகளோடு சோதனைத் தரவுகளையும் சேர்த்து மெஷின் லேர்னிங் மாடலைப் பழக்கணும்.
3. மாடல் ஆயிரக்கணக்கான புது அமைப்புகளைச் சட்டென்று வடிகட்டும்.
4. மிஞ்சியதை லேபில் செய்து சோதிக்கணும்.

இப்படித் தேடி, 200 டிகிரியிலும் ஒரு கன சென்டிமீட்டரில் 8.3 ஜூல் சேமிக்கும் பாலிமரை அவர் குழுவும் கூட்டாளிகளும் 2024-இல் அறிவித்தார்கள்.

நாலாவது படி ஏன் முக்கியம்? 2023-இல் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்ததாக அறிவித்தது. அடுத்த வருஷமே ஆன்டனி சீத்தமும் ராம் சேஷாத்ரியும் அந்தப் பட்டியலை அலசி, புதுமையும் பயனும் உள்ளவை அதில் எங்கே என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க கோடிங் மட்டும் போதாது, வேதியியல் தெரியணும்.

பாதை சுலபம் இல்லை. கேட் எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், பிஎச்டியில் ஜேஆர்எஃப் கிடைத்தால் 37,000. ஐடிக்குப் போன நண்பன் அதற்குள் கார் வாங்கியிருக்கலாம். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிடுங்க.

தொடங்க காசு வேண்டாம். பைத்தான் கத்துக்கோங்க, மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் தரவுத்தளம் இலவசம். ஆனா கோர் சப்ஜெக்ட்டை ‘அரியர் இல்லாம தாண்டினா போதும்’னு மட்டும் தள்ளாதீங்க. நாலாவது படியில் அதைத்தான் கேட்பாங்க.