மேகத்தைத் துணைக்கொண்ட தொகுதிச் சேமிப்பு

கணிப்பொறியின் தட்டு கோப்பு என்னும் ஒன்றை அறியாது. அது அறிந்தவை எண்ணிடப்பட்ட தொகுதிகளே. ஒவ்வொரு தொகுதியும் 512 அல்லது 4,096 பைட்டு அளவுள்ளது. இன்ன எண்ணுள்ள தொகுதியைப் படி, இன்ன எண்ணுள்ள தொகுதியில் எழுது என்பவையே அது ஏற்கும் பிரதான கட்டளைகள். இவற்றிற்குப் பிழையின்றி விடையளிக்கும் மென்பொருள் எதுவாயினும் அதனைத் தட்டாகவே இயக்குமுறைமை ஏற்றுக்கொள்ளும். ஆகவே சிறிய தட்டொன்றை அருகில் வைத்துக்கொண்டு, அதற்கு அடங்காத தரவைத் தொலைவிலுள்ள மேகக் கிடங்கிற்கு அனுப்பி, இரண்டையும் ஒரே பெரிய தட்டாகக் காட்டுதல் சாத்தியமாகிறது.

இக்கருத்து புதியதன்று. 1962ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறி, விரைவான காந்த உள்ளக நினைவகத்திற்கும் மெதுவான காந்த உருளைக்கும் இடையே 512 சொற்கள் கொண்ட பக்கங்களைத் தானே மாற்றிக்கொண்டது. நிரல் எழுதுவோருக்கு இரண்டும் ஒரே நினைவகமாகத் தோன்றின. இன்று உருளையின் இடத்தில் மேகம் நிற்கிறது.

ஆயினும் மேகக் கிடங்கின் இயல்பு வேறு. 2006இல் அமேசான் நிறுவனம் தொடங்கிய எஸ்-3 போன்ற கிடங்குகளில் தரவு பெயரிட்ட பொதிகளாக வைக்கப்படுகிறது. பொதியின் நடுவே ஒரு பகுதியை மட்டும் திருத்த இயலாது; முழுப் பொதியையும் மாற்றவேண்டும். பெரும்பாலான வேண்டுகோள்களுக்குத் தனிக் கட்டணமுண்டு, காலதாமதமும் உண்டு. எனவே 4,096 பைட்டுத் தொகுதிகளை ஒவ்வொன்றாக அனுப்புவது வீண். 1,024 தொகுதிகளைச் சேர்த்து 4 மெகாபைட்டுப் பொதியாக்குவது ஒரு வழக்கம்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. பொதியிலுள்ள ஒரே ஒரு தொகுதி மாறினாலும் பொதி முழுவதையும் மீண்டும் அனுப்பவேண்டுமல்லவா? இதனைத் தவிர்க்க, புதிதாக எழுதப்பட்ட தொகுதிகளை, அவற்றின் எண் எதுவாயினும், வந்த வரிசையிலேயே புதுப் பொதியாகக் கட்டி அனுப்புவர். எத்தொகுதி எப்பொதியில் எவ்விடத்தில் உள்ளது என்பதை அட்டவணையொன்று காட்டும். ஒரு டெராபைட்டுத் தட்டில் 26,84,35,456 தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிற்கும் 8 பைட்டு வீதம் அட்டவணையே 2 கிகாபைட்டாகிவிடும். அடுத்தடுத்த தொகுதிகளை ஒரே பதிவாகக் குறித்தால் இது பெரிதும் சுருங்கும்.

இதில் மிகுந்த எச்சரிக்கைக்குரிய விஷயம் அனுப்பும் வரிசையாகும். பொதிகள் முதலில் சென்று சேரவேண்டும். அதன் பின்னரே புதிய அட்டவணை. பழைய பொதிகளை நீக்குவது அதற்கும் பின்னரே. இவ்வரிசை பிறழாதிருப்பின், அருகிலுள்ள தட்டு திடீரெனப் பழுதுற்றாலும், மேகத்தில் சற்று முந்தைய நிலையிலாவது முழுமையான தட்டு எஞ்சும். வரிசை பிறழ்ந்தாலோ, கோப்பின் பெயர் இருக்கும், உள்ளடக்கம் இராது. அத்தகைய தட்டு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

எழுதியாயிற்று என்று எப்போது விடையளிப்பது? அருகிலுள்ள தட்டில் நிலையாகப் பதிந்தவுடன் விடையளித்தால் வேகம் கிடைக்கும்; ஆனால் மேகத்தைச் சென்றடையாத தரவு அத்தட்டின் ஆயுளையே நம்பியிருக்கும். மேகத்தை அடைந்த பிறகே விடையளித்தால் வேலை தயங்கும். மழையளவு, நில அளவை போன்ற மீண்டும் பெறமுடியாத பதிவுகளுக்கு அத்தயக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே தகும். நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு எழுதியாயிற்று என்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

கிளை அலுவலகங்களில் இணைப்பின் வேகத்தையும் கணக்கிடவேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட்டு அனுப்பும் இணைப்பு, நாள் முழுதும் ஓய்வின்றி இயங்கினும் 21.6 கிகாபைட்டுக்கு மேல் அனுப்பாது. நாள்தோறும் 30 கிகாபைட்டு எழுதப்படுமாயின் மிச்சம் குவிந்துகொண்டே போகும். மேகத்தை அடையாத தொகுதியை அருகிலுள்ள தட்டிலிருந்து அகற்றக் கூடாதாகையால், தட்டு நிறைந்ததும் புதிய எழுத்து நின்றுவிடும். அடைந்துவிட்டவற்றுள் நெடுநாள் படிக்கப்படாதவற்றையே முதலில் அகற்றுவர்.

பயன்பாட்டிற்கு விடுமுன் ஒரு சோதனை அவசியம். வரிசை எண்ணிட்ட பதிவுகளை இடைவிடாது எழுதச் செய்து, நடுவே மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். மீண்டும் இயக்கும்போது, எழுதியாயிற்று என்று விடை பெற்ற கடைசி எண் வரை ஒன்றும் விடுபடாதிருக்கின்றதா என ஒப்பிடவேண்டும். பின்னர் அருகிலுள்ள தட்டையே கழற்றிவிட்டு, மேகத்திலுள்ளதை மட்டும் கொண்டு மீட்டுப் பார்க்கவேண்டும். கடைசிச் சில எண்கள் குறையலாம். இடையில் ஓர் எண்ணும் குறையலாகாது.