வளவில் பள்ளம் விழுந்தால்

கொழும்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பூர்வீக வளவில் வீடு கட்டுவோர், அத்திவாரம் வெட்டுமுன் அடிநிலத்தை அறிந்துகொள்ள வேண்டும். மருதானையில் பழகிய கட்டட முறை அங்கே அப்படியே பொருந்தாது.

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகிறது (காபோனிக்கமிலம்). அது வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. ஊர்க் கிணற்றுநீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை, அப்படிக் கரைந்து வந்த கல்தான். வெடிப்புகள் அகன்று குகைகளாகின்றன. குகையின் கூரை இடிந்தால் கரைகுழி (நிலம் உள்வாங்கிய பள்ளம்) தோன்றும். புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணறு அவ்வாறு பிறந்ததே.

பதற்றம் வேண்டாம். கல் ஒரு மாரியில் கரைந்துவிடாது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். வளவில் திடீரென இறங்குவது பெரும்பாலும் மேல்மண். நீர் அதை வெடிப்புக்குள் சிறிது சிறிதாக அரித்துச் செல்கிறது.

மழைக்குப் பின் வட்டமாக நிலம் தாழ்தல், தேங்கிய நீர் ஒரே இடத்தில் சட்டென வடிதல், மதில் சாய்தல், சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு ஏறுதல், கிணற்றுநீர் திடீரெனக் கலங்கல்: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

முதலில் பள்ளத்தைச் சுற்றித் தள்ளி வேலியிடுங்கள்; பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பீலிநீரையும் கசியும் குழாயையும் அப்பால் திருப்புங்கள். நீரைத் திருப்பாமல் குழியை மட்டும் மூடுவதில் பயனில்லை. லோட் கணக்கில் மண் கொட்டினால் அடுத்த மாரியில் அதுவும் உள்ளே போய்விடும். பொறியியலாளர் அல்லது புவிச்சரிதவியலாளர் மேற்பார்வையில் பாறையின் வாய் தெரியத் தோண்டி, அதை அடைக்குமளவு பெரிய கற்களை முதலிலும், மேலே சிறுகல், சரளை, மணல் என ஒழுங்காகவும் இட வேண்டும். புதிய வீடென்றால், மின்தடை அளவை (நிலத்துள் மின்னோட்டம் செலுத்தி வெற்றிடம் தேடும் முறை) செய்வித்தபின் அத்திவாரத்தைத் தீர்மானியுங்கள்.

"இயற்கையே வெட்டித் தந்த குழி" என்று அதை மலசலகூடக் குழியாக்குவோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மண் வடிகட்டும், ஆனால் கல்வெடிப்பு வடிகட்டாது. கழிவு நேரே உங்கள் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்த நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று போகாது; அது கைக்குழந்தைக்குக் கேடு. எனவே கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்மா கரைக்குமுன் கிணற்றுநீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.